ஒரு கிலோவாட் பெட்டியை எடுக்கலாமா, விடலாமா?

மீடியம் வேவ் ஒலிபரப்பில் வால்வு டிரான்ஸ்மிட்டர்களின் காலம் முடிந்துவிட்டது. கழித்துக் கட்டிய பெட்டிகள் ஏலத்துக்கு வரும், அங்கிருந்து காயலான் கடைக்குப் போகும், பிறகு செம்பு தனியாக இரும்பு தனியாக எடைக்குப் போய்ச் சேரும். அந்த வழியில் எங்காவது ஒரு கிலோவாட் பெட்டி ஒன்று நம்மவர் கண்ணில் பட்டுவிட்டால் போதும், கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் வரை ஹாம்களின், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்குக்காக வானொலியில் பேசுபவர்களின், போன் ஓயாமல் அடிக்கும். எடுத்து 80 மீட்டர் ஹாம் அலைவரிசையில் ஏற்றிவிடலாமா என்பதுதான் எல்லோரும் கேட்பது.

ஆசையில் தவறில்லை. ஆள் உயரப் பெட்டி, முகப்பில் வரிசையாக மீட்டர்கள், கண்ணாடிக்குப் பின்னால் எரியும் வால்வுகள். திருச்சி வானொலி 1939 மே மாதம் தொடங்கியது. அதை 936 கிலோஹெர்ட்ஸில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த மாதிரிப் பெட்டி மீது ஒரு பாசம் இருக்கத்தான் செய்யும். ஆனால் எடுத்த பிறகு அதை என்ன செய்வது என்பதில் நான்கு வழிகள் இருக்கின்றன, நாலும் ஒன்றுபோல் இல்லை. பெட்டியை ஹாம் அலைவரிசைக்கு மாற்றி ஓட்டலாம். மாற்றாமல், பழைய நிலைக்கே மீட்டு டம்மி லோடில், அதாவது ஆன்டெனாவுக்குப் பதிலாகத் திறனைச் சூடாக்கி விழுங்கும் ரெசிஸ்டரில், ஓட்டலாம். உள்ளே இருக்கும் கனமான சாமான்களை மட்டும் எடுத்துச் சின்னதாக ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்டலாம். பெட்டியையே மறந்துவிட்டு டிரான்சிஸ்டர் பக்கம் போகலாம்.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டி முழுசாக இருந்தால் அதை மாற்றாதீர்கள். ஏற்கெனவே பிரித்து எடுத்ததாக இருந்தால் மூன்றாவது வழிக்குப் போங்கள். முதல் வழியைத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள், நம் ஊருக்கு அதுதான் மிகக் குறைவாகப் பொருந்துகிறது.

காரணம் உரிமத்தில் இருக்கிறது. இந்தியாவில் ஜெனரல் கிரேடு ஹாம் உரிமத்துக்கு அதிகபட்சம் 400 வாட். இதை உச்சத் திறன், அதாவது பீக் கணக்கு என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. வேறு மாதிரி வாதாடுபவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தக் கட்சியில் இல்லை. ஏஎம் என்பது கேரியர் என்ற அடிப்படை அலையின் உயரத்தைப் பேச்சுக்கு ஏற்ப மாற்றும் முறை, அந்த மாற்றம்தான் மாடுலேஷன். நூறு சதவீதம் மாடுலேஷன் ஏறும்போது உச்சத் திறன் கேரியரைப் போல நான்கு மடங்கு ஆகும். ஆக, 400 வாட் உச்சம் என்றால் கேரியர் 100 வாட். ஒரு கிலோவாட் பெட்டியை அது பிறந்தபடியே ஓட்டினால் உச்சம் 4,000 வாட். பத்து மடங்கு.

இந்தக் கணக்கைப் போடாமல் அமெரிக்க ஹாம்கள் எழுதியதை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புவதில்தான் சிக்கல். அங்கே உச்ச வரம்பு 1,500 வாட், அதாவது 375 வாட் கேரியர். இல்லினாய்ஸ் மாநிலத்தின் குவின்சியில் இருந்த கேட்ஸ் நிறுவனத்தின் பிசி-1டி, ஐயோவாவின் காலின்ஸ் நிறுவனத்தின் 20வி போன்ற ஒரு கிலோவாட் பெட்டிகளை அவர்கள் 160, 80 மீட்டருக்கு மாற்றி ஓட்டுவது பல வருடப் பழக்கம். 375 வாட்டுக்குக் குறைத்தால்கூட பெட்டிக்கு வேலை இருக்கிறது. நம் 100 வாட்டுக்குக் குறைத்தால் அது சும்மா எரிகிற அடுப்பு மாதிரிதான்.

எவ்வளவு சும்மா என்று பார்ப்போம். பிசி-1டியில் 833ஏ என்ற பெரிய டிரையோடு வால்வுகள் நான்கு. இரண்டு வானொலி அலையைப் பெருக்கும் ஆர்எஃப் பக்கம், இரண்டு பேச்சைப் பெருக்கும் மாடுலேட்டர் பக்கம். ஒவ்வொன்றின் ஃபிலமென்ட்டும் 10 வோல்ட், 10 ஆம்பியர். அதாவது நூறு வாட். மைக்கில் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே 400 வாட் ஃபிலமென்ட் சூட்டில் போய்விடுகிறது. காற்றில் போகும் கேரியரோ 100 வாட். வெயில் காலத்தில் மாடி அறையில் இதை வைத்து உட்கார்ந்து பார்த்தவர்கள் இரண்டாம் நாள் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிடுவார்கள். இறக்குவதற்கும் நாலைந்து பேர் வேண்டும்.

மாற்றும் வேலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது முடியாத காரியம் இல்லை. 833ஏ வால்வு 30 மெகாஹெர்ட்ஸ் வரை முழுத் திறனில் ஓடக்கூடியது, அதனால் வால்வு தடை இல்லை. 936 கிலோஹெர்ட்ஸில் ஓடிய டாங்க் சர்க்கியூட்டை, அதாவது அலைவரிசைக்கு டியூன் செய்யும் காயில்-கண்டன்சர் ஜோடியை, 3.6 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் காயிலின் இண்டக்டன்ஸும் கண்டன்சரும் இரண்டுமே ஏறக்குறைய கால் பங்காகக் குறைய வேண்டும். காயிலில் சுற்றுகளைச் சுமார் பாதியாக்கினால் இண்டக்டன்ஸ் கால் பங்காகிவிடும். ஏசி மெக்கானிக்குகள் போடும் செம்புக் குழாயை வாங்கி, ஒரு பிவிசி பைப் மேல் சுற்றிப் புதுக் காயிலே போட்டுவிடலாம். பழைய காயிலை வெட்டாமல் எடுத்து வைக்கலாம், அதுதான் நல்லது. அப்புறம் நியூட்ரலைசேஷனை, அதாவது வால்வு தானாக ஆடாமல் அடக்கும் ஏற்பாட்டை, முதலிலிருந்து சரிசெய்ய வேண்டும். மீடியம் வேவில் நீளமான கம்பிகள் தொல்லை தராது. அதே கம்பிகள் மேலே போகப் போக வேறு ஏதோ அலைவரிசையில் தானாக ஆடத் தொடங்கும், அதை அடக்கத் தனியாக மெனக்கெட வேண்டும். கிரிஸ்டல் ஆசிலேட்டர் இருந்த இடத்தில் சின்ன டிஜிட்டல் ஆசிலேட்டர் ஒன்று போதும், இன்றைக்கு அதுதான் மலிவான பகுதி.

திறனைக் குறைப்பதற்கு பிளேட் வோல்டேஜைக் குறைக்க வேண்டும். திறன் வோல்டேஜின் வர்க்கத்தில் மாறும் என்பதால், 2,500 வோல்ட்டில் ஒரு கிலோவாட் தந்த பெட்டி சுமார் 800 வோல்ட்டில் 100 வாட் தரும். நல்ல விஷயம், இப்படிக் குறைக்கும்போது, பேச்சைப் பிளேட் வோல்டேஜ் மேல் ஏற்றும் மாடுலேஷன் டிரான்ஸ்பார்மர் பார்க்கும் லோடு மாறாது. இந்த 800 வோல்ட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது வழியில் மறுபடி வருகிறது.

இதெல்லாம் பொதுக் கணக்கு. டெல்டாவுக்கென்று தனியாகச் சில தலைவலிகள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையும் அதற்குப் பிறகு வரும் பனியும் பழைய டிரான்ஸ்பார்மருக்குள் ஈரத்தை ஏற்றிவிடும். பருத்தி நூல் சுற்றிய கம்பி, காகித இன்சுலேஷன் எல்லாம் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக் காற்றும் சேரும். இப்படி இருந்த பெட்டிக்கு நேராக கரண்ட் கொடுத்தால் முதல் பலி மாடுலேஷன் டிரான்ஸ்பார்மர்தான். அதை வெளியே எடுத்து, மூடிய பெட்டிக்குள் இரண்டு குண்டு பல்பு எரியவிட்டுப் பல நாள் காயவைத்து, இன்சுலேஷனை அளக்கும் மெகர் வைத்துப் பார்த்து, ரீடிங் ஏறி நிலைத்த பிறகுதான், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் மூலம் மெதுவாக வோல்டேஜ் ஏற்ற வேண்டும். பல்லி, எலி, எறும்பு இவை பற்றித் தனியாக எழுத வேண்டாம், டெல்டாவில் மோட்டார் கொட்டகை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

கரண்ட் இன்னொரு விஷயம். கோடையில் பம்புசெட்டுகள் சேர்ந்து ஓடும் நேரத்தில் கிராமத்து லைனில் 230 வோல்ட் என்பது பேருக்குத்தான். விவசாய இணைப்பின் மூன்று பேஸைத் தொடவே கூடாது, அது பாசனத்துக்குக் கொடுத்தது. அமெரிக்கப் பெட்டியாக இருந்தால் இன்னொரு சிக்கல்: அது 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் 50 ஹெர்ட்ஸில் அதே வோல்டேஜ் கொடுத்தால் இரும்புக் கோர் காந்தத்தால் நிரம்பி டிரான்ஸ்பார்மர் சூடேறும். ஆறில் ஐந்து பங்காக, 230 வோல்ட்டை 190 அளவுக்கு இறக்கிக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும். நாம் எப்படியும் வோல்டேஜைக் குறைக்கத்தான் போகிறோம், அதனால் பிளேட் டிரான்ஸ்பார்மருக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஃபிலமென்ட் டிரான்ஸ்பார்மருக்குத்தான் கவனம் வேண்டும், வால்வுக்குச் சரியாக 10 வோல்ட் போயாக வேண்டுமே.

அப்புறம் எண்ணெய்க் கண்டன்சர்கள். 1980-க்கு முன் செய்த கண்டன்சர், டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் பாலிகுளோரினேட்டட் பைபினைல் என்ற நச்சுப் பொருள் இருக்க வாய்ப்பு உண்டு. பைரனால், இனர்டீன், டைகனால் என்ற பெயர்கள் லேபிளில் இருந்தால் அதுதான். கசிந்திருந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம், துடைத்த துணியை வயல் வாய்க்காலில் வீச வேண்டாம். அந்த இடத்தில் புது பிலிம் கண்டன்சர் போடுவதுதான் ஒரே வழி. 872ஏ, 8008 போன்ற பாதரச ரெக்டிஃபையர் வால்வுகளும் இதே ஜாதி, உடைந்தால் பாதரசம். பார்க்க அந்த நீல ஒளி அழகுதான், நானும் ரசிப்பவன்தான். ஆனால் வீட்டுக்குள் ஓடும் பெட்டிக்கு சிலிக்கான் டையோடு அடுக்கு போட்டுவிடுவதே புத்தி. டையோடு போட்டால் சூடேறக் காத்திருக்காமல் ஹை வோல்டேஜ் உடனே வந்துவிடும். வால்வு ஃபிலமென்ட் சூடாகும் வரை அதைத் தடுத்து வைக்கும் டைமரைக் கழற்றிவிடாதீர்கள்.

இனி இரண்டாவது வழி. பெட்டி முழுசாக, ஒரிஜினல் காயில், ஒரிஜினல் மீட்டர், சர்க்கியூட் புத்தகம் எல்லாவற்றோடும் கிடைத்தால் அதை மாற்றக் கை வைப்பது எனக்கு மனசாகவில்லை. அப்படிப்பட்ட பெட்டி இனி எவ்வளவு மிஞ்சும்? அதைப் பழைய அலைவரிசையிலேயே மீட்டு, ஆன்டெனா இல்லாமல் டம்மி லோடில் மட்டும் ஓட்டலாம். வல்லம், திருமலைசமுத்திரம் பக்கம் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, திருச்சியில் என்ஐடி இருக்கிறது. ஏஎம் என்றால் என்ன என்று பலகையில் வரைந்து காட்டுவதைவிட ஒரு மாடுலேஷன் டிரான்ஸ்பார்மர் பேச்சுக்கு ஏற்ப முனகுவதை மாணவர்கள் காதால் கேட்பது மேல். வீட்டில் வைக்க இடம் இல்லாதவர்களுக்கும் இதுதான் நல்லது. ஆனால் ஆன்டெனா இணைக்காவிட்டாலும் டிரான்ஸ்மிட்டர் வைத்திருக்கவே உரிமம் வேண்டும் என்பதால், கல்லூரியோ கிளப்போ முதலில் அந்தக் காகிதத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஏலத்தில் எடுத்த ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். பெட்டியை மீட்டு, திருவையாறு ஆராதனை நேரத்தில் பஞ்சரத்ன கீர்த்தனையை ஊருக்கெல்லாம் போடலாமே என்று யாராவது கேட்பார்கள். கூடாது. ஹாம் உரிமத்தில் பாட்டு போடக் கூடாது, பொதுமக்களுக்கு ஒலிபரப்பவும் கூடாது. ஆராதனையை ஆண்டுதோறும் ஆகாசவாணி நேரடியாகத் தருகிறது, அது அவர்கள் வேலை. நம் மைக்கிலிருந்து போகும் ஆடியோவை 3 கிலோஹெர்ட்ஸ் அளவில் வெட்டிவிட்டால் ஏஎம் சிக்னல் 6 கிலோஹெர்ட்ஸ் அகலத்தோடு நிற்கும். அதுவே எஸ்எஸ்பியில், அதாவது கேரியரை விட்டுவிட்டு ஒரு பக்கப் பட்டையை மட்டும் அனுப்பும் முறையில், பேசுபவர்களின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஒலிபரப்புப் பெட்டியின் இசைத் தரத்துக்கு இங்கே பயனே இல்லை.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். காயலான் கடையில் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது முழுப் பெட்டி இல்லை. வால்வை யாரோ எடுத்திருப்பார்கள், மீட்டர்களை யாரோ எடுத்திருப்பார்கள், செம்புக் காயில் முதலில் போயிருக்கும். மிஞ்சுவது டிரான்ஸ்பார்மர்கள், சோக், கனத்த வேரியபிள் கண்டன்சர், வாக்கியூம் ரிலே போன்றவை. இவைதான் இன்று புதிதாக வாங்க முடியாதவை. வால்வும் ரெசிஸ்டரும் எப்படியாவது கிடைக்கும், ஒரு நல்ல மாடுலேஷன் டிரான்ஸ்பார்மர் கிடைக்காது. எடைக்கு எடுத்தாலும் அதற்கு மட்டும் பேரம் பேசாமல் எடுத்துவிடுங்கள்.

இதை வைத்து 813 என்ற ஒரே வால்வில் ஒரு ஃபைனல், அதாவது ஆன்டெனாவுக்கு முந்தைய கடைசிப் பெருக்கி, கட்டலாம். ஃபிலமென்ட் 10 வோல்ட், 5 ஆம்பியர், அதாவது 50 வாட்தான். 100 வாட் கேரியருக்கு, 75 சதவீதச் செயல்திறனில், பிளேட்டுக்கு 133 வாட் கொடுக்க வேண்டும். 800 வோல்ட்டில் 167 மில்லி ஆம்பியர். இப்படி வைத்தால் மாடுலேட்டர் பார்க்கும் லோடு சுமார் 4,800 ஓம். 2,500 வோல்ட்டில் ஒரு கிலோவாட் ஓட்டிய பெட்டியிலும் கணக்கு போட்டால் ஏறக்குறைய இதேதான், 4,700 ஓம் வரும். அதனால் பெரிய பெட்டியின் மாடுலேஷன் டிரான்ஸ்பார்மரைச் சின்ன டிரான்ஸ்மிட்டரில் அப்படியே போட முடிகிறது. இதை யோசிக்காமல் 813-க்கு 1,500 வோல்ட் கொடுத்துக் கட்டினால் மேட்ச் ஆகாது, ஆடியோ நெரியும். மாடுலேட்டர் பக்கம் 811ஏ ஜோடி போதும், 67 வாட் ஆடியோதான் தேவை. அதாவது பிளேட்டுக்குப் போகும் டிசி திறனில் பாதி.

அந்த டிரான்ஸ்பார்மரும் கிடைக்கவில்லையா? அப்போது டெல்டா ஊர்களில் கைவசம் இருப்பதைப் பாருங்கள். கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் வரும் மைக்செட். அந்த ஆம்ப்ளிபையர்களில் குழாய் ஸ்பீக்கர்களுக்கு 100 வோல்ட் லைன் அவுட்புட் இருக்கும். 250 வாட் ஆம்ப்ளிபையர் நமக்குத் தேவையானதைவிட மூன்று மடங்குக்கு மேல். அதன் 100 வோல்ட்டை 566 வோல்ட்டாக ஏற்றும் ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்தால், 800 வோல்ட் பிளேட்டை முழுசாக மாடுலேட் செய்யலாம். 566 என்பது 800 வோல்ட் உச்சத்தின் ஆர்எம்எஸ் மதிப்பு, வேறு மந்திரம் இல்லை. இப்படி ஒரு டிரான்ஸ்பார்மரைப் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் கொடுத்தால் கட்டித் தருவார்கள். பிரைமரியையும் செகண்டரியையும் இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்து மாற்றி மாற்றிச் சுற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் சத்தம் மங்கிவிடும். செகண்டரி வழியாக டிசி போகக் கூடாது. பழைய பெட்டியிலிருந்து எடுத்த கனமான சோக்கை டிசி வழிக்கும், ஒரு பிலிம் கண்டன்சரை ஆடியோ வழிக்கும் போட்டுவிட்டால் கோர் நிரம்பாது. 811ஏ, அதற்கான பவர் சப்ளை, டிரைவர் டிரான்ஸ்பார்மர் என்று ஒரு பெரிய வேலை இதோடு கழிகிறது. பழைய வால்வுப் பிரியர்கள் இதைக் கலப்படம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒன்று மட்டும்: மைக்செட் மாடுலேட்டர் வைத்தால் வால்யூமைப் பார்த்துத் திருப்புங்கள். கேரியரை அறுக்கும் அளவுக்கு ஆடியோ ஏறினால் பக்கத்து அலைவரிசைகளில் எல்லாம் சிதறும். ஒரு ஆசிலோஸ்கோப் இல்லாமல் ஏஎம் கட்டவே வேண்டாம்.

நான்காவது வழியைச் சுருக்கமாகச் சொல்லலாம். மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரைச் சுவிட்ச் போல இயக்கும் கிளாஸ் ஈ முறையில் கட்டும் ஏஎம் டிரான்ஸ்மிட்டர், 85 முதல் 90 சதவீதச் செயல்திறனில் 100 வாட் கேரியரைத் தரும். கையில் தூக்கிக்கொண்டு போகலாம். 800 வோல்ட் பயமும் இல்லை. ஆனால் ஆன்டெனா சற்றே பிசகினால், பக்கத்தில் இடி இறங்கினால், மாஸ்ஃபெட் போய்விடும். வால்வு அதைத் தாங்கும். கட்டவே நேரம் இல்லாதவர்களுக்கு ஐகாம் 7300 போன்ற நூறு வாட் ரேடியோ இருக்கவே இருக்கிறது. அதில் ஏஎம் பொத்தானை அழுத்தினால் 25 வாட் கேரியர் வரும். எதிர் முனையில் எஸ்எஸ்பி ரேடியோ வைத்திருப்பவரும் நம் கேரியர் மேல் சரியாக டியூன் செய்தால் பேச்சைக் கேட்டுவிடுவார். 100 வாட்டுக்கும் 25 வாட்டுக்கும் கேட்பவரின் சிக்னல் மீட்டரில் ஒரு எஸ் புள்ளிதான் வித்தியாசம் என்பதைப் பெட்டிப் பிரியர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள்.

புயல் காலத்துக்கு என்றால் கேள்வியே இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த பிறகு எத்தனை கிராமங்களில் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அப்போது உதவுவது 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் எஸ்எஸ்பி ரேடியோதான். வால்வு டிரான்ஸ்மிட்டரை அவசரகாலத் தொடர்புக்கென்று நியாயப்படுத்தி யாராவது கிளப்பில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆசைக்காகக் கட்டுகிறோம் என்று நேராகச் சொல்லிக் கேட்டால் கொடுக்கலாம்.

எந்த அலைவரிசை என்பது ஆன்டெனாவைப் பொறுத்தது. 160 மீட்டரில் நமக்கு 1.820 முதல் 1.860 மெகாஹெர்ட்ஸ் வரை 40 கிலோஹெர்ட்ஸ்தான். மீடியம் வேவுக்கு அடுத்த வீடு என்பதால் பெட்டியை மாற்றுவது சுலபம், ஆனால் டைபோல், அதாவது நடுவில் இணைப்புக் கொடுக்கும் கம்பி ஆன்டெனா, 78 மீட்டர் நீளம் வேண்டும். 40 மீட்டரில் 7.000 முதல் 7.200 வரை இருந்தாலும் பகலில் நெரிசல், அங்கே 6 கிலோஹெர்ட்ஸ் அகலத்தோடு போய் உட்கார்ந்தால் திட்டுதான் விழும். 80 மீட்டரில் 3.500 முதல் 3.700 வரை இடம் இருக்கிறது, டைபோல் 40 மீட்டர், இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிவிடலாம். தென்னை ஆடும் என்பதால் ஒரு முனையைக் கப்பி வழியாக எடை தொங்கவிட்டுக் கட்டுங்கள். செங்குத்து ஆன்டெனா வைக்க இடம் உள்ளவர்களுக்கு டெல்டா மண் ஒரு வரம். ஈரக் களிமண், ஆழம் போகாமலேயே தண்ணீர். பாறை நிலத்து நண்பர்கள் இந்த எர்த்துக்கு ஏங்குவார்கள். ஆனால் மழைக் காலத்து இடி இரைச்சல் 80 மீட்டரில் காதைக் கிழிக்கும், ஆகவே பேச்செல்லாம் தை முதல் மாசி வரைதான் சுகம்.

வாங்கப் போகும்போது ஒரு மெகரும் மல்டிமீட்டரும் எடுத்துப் போங்கள். முதலில் மாடுலேஷன் டிரான்ஸ்பார்மர், அடுத்து மாடுலேஷன் சோக், அப்புறம் பிளேட் டிரான்ஸ்பார்மர். வைண்டிங் அறுந்திருக்கிறதா, பாடியோடு ஒட்டியிருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். ஈரத்தால் ரீடிங் குறைவாக இருந்தால் எடுக்கலாம், காயவைத்தால் ஏறும். அறுந்திருந்தால் இரும்பு விலைக்கு மேல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். பெட்டி பல வருடமாக கரண்ட் பார்க்கவில்லை என்று கடைக்காரர் சொன்னாலும், ஃபில்டர் கண்டன்சரை ஷார்ட் செய்யாமல் உள்ளே கை விடக் கூடாது. 3,000 வோல்ட்டில் நிரம்பிய 10 மைக்ரோஃபாரட் கண்டன்சரில் 45 ஜூல் இருக்கும், ஆளைக் கொல்ல அது போதும். ஒரு முறை ஷார்ட் செய்த பிறகும் சற்று நேரத்தில் தானாகக் கொஞ்சம் சார்ஜ் திரும்பும், அதனால் கடத்தும் கம்பியை அதன் மேலேயே விட்டுவிட்டு வேலை பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, சிமெண்ட் தரையில் ரப்பர் பாய், கதவைத் திறந்தால் ஹை வோல்டேஜ் அறும் இன்டர்லாக், பக்கத்தில் மெயினை அணைக்கத் தெரிந்த இன்னொரு ஆள். இந்த மூன்றும் இல்லாத அன்றைக்குச் சுவிட்சைத் தொட வேண்டாம்.